பட்டும் முத்தும், பெயர் தெரியாத பெண்களும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மகப்பேற்று வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் இரத்த அழுத்தம் பற்றியோ நீரிழிவு பற்றியோ பேசுவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். விழாக் குழுவினரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். நாம் தலைப்பைச் சொன்னதும், "இங்கிலாந்துச் சீமாட்டிகளின் உடுப்புக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று குழுவில் இருந்த ஓர் அக்கா தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்த உரை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்புத் தோழிகள் ஐந்து பேர் இலண்டனில் சந்தித்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. ஐந்து பேரும் ஒதுங்கி இருந்து கதைக்க இடம் தேவை. அனுமதி இலவசம் என்பதால் ரேற் பிரிட்டன் கலைக்கூடத்துக்குள் போனோம். கதைத்துக்கொண்டே நடந்த நாங்கள் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டோம். முத்துகள் நிறைந்த விலையுயர்ந்த உடையில் ஓர் ஆங்கிலச் சீமாட்டி. வைத்தியராக இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளியைத் தொடுவதற்கு முன் நன்றாகப் பார்க்கவேண்டும் என்று மருத்துவபீடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். பார்த்த உடனே வாயில் வந்தது, "இவவுக்கு எட்டு மாதம் இருக்கும்" என்பதுதான். எங்களில் தையல் வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள், உடுப்பின் ஊசி வேலையை மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். ஆசிரியையாக இருப்பவள், "ஆள் யார்?" என்று கேட்டுப் படத்தின் அருகில் இருந்த அட்டையை வாசித்தாள். பெயர் தெரியாத பெண் என்று அதில் இருந்தது.

உடல், உடை, பெயர். அன்று மூன்று தோழிகள் மூன்றைப் பார்த்தோம். அந்த மூன்றையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

அந்தப் படம் ஏறத்தாழ 1595இல் வரையப்பட்டது. வரைந்தவர் இளைய மார்க்கஸ் கெராட்ஸ். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ் நகரில் பிறந்தவர். தகப்பனும் ஓவியர். புரட்டஸ்தாந்து சமயத்தவர்களுக்கு அங்கே இருக்க முடியாத நிலை வந்தபோது, 1568இல் தகப்பன் சிறுவனான மகனைக் கூட்டிக்கொண்டு இலண்டனுக்கு ஓடி வந்தார். அப்படி அகதிப் பிள்ளையாக வந்தவர்தான் பிற்காலத்தில் முதலாம் எலிசபெத் மகாராணியை வரைந்தார். பிரபுக்களும் சீமாட்டிகளும் அவரிடம் வரிசையில் நின்றார்கள். இதை அறிந்தபோது எங்கள் ஐவருக்கும் அந்த ஓவியர் திடீரென்று சொந்தக்காரர் போலாகிவிட்டார்.

அந்தக் காலத்து உருவப்படங்களைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு விடயத்தை மனதில் வைக்கவேண்டும். இன்று நாம் ஒருவரின் படத்தில் முதலில் முகத்தைத்தான் தேடுகிறோம். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் படம் வரைவித்தவர்கள் முகத்தை மட்டும் காட்டுவதற்காகப் பணம் கொடுக்கவில்லை. தாம் யார், எந்தக் குடும்பம், அரசவையில் எந்த இடம் என்பதைச் சுவரில் பதிந்து வைக்கவே கொடுத்தார்கள். அதைச் சொல்லும் வேலையை உடைதான் செய்தது.

இதில் முன்னோடி எட்டாம் ஹென்றி மன்னர். ஜேர்மனியரான ஹான்ஸ் ஹொல்பைன் 1537இல் வைற்ஹோல் அரண்மனைச் சுவரில் பெரிய ஓவியம் ஒன்றை வரைந்தார். மன்னர் கால்களை அகட்டி, இடுப்பில் கை வைத்து, நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தோள்கள் கதவளவு அகலம். அந்த அகலத்தில் ஒரு பங்கு உடம்பு, மறு பங்கு உள்ளே திணித்துத் தைத்த துணி. அரண்மனை 1698இல் தீப்பற்றியபோது சுவரோவியமும் அழிந்தது. ஆனால் அதற்கு முன்னரே, 1667இல், ஒரு பிரதி எடுத்துவிட்டார்கள். ஹொல்பைன் தன் கையால் வரைந்த மாதிரிப் படத்தின் ஒரு பாதியும் இலண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இருக்கிறது.

அந்தச் சுவரோவியத்தில் நால்வர் இருந்தார்கள். மன்னர், அவருடைய மூன்றாம் மனைவி ஜேன் சீமோர், மன்னரின் தகப்பன் ஏழாம் ஹென்றி, தாய் எலிசபெத் ஒஃப் யோர்க். நால்வரும் பட்டும் பொன்னும் அணிந்து மிடுக்காக நிற்கிறார்கள். பிரதியைப் பார்க்கும் எவரும் மன்னரின் தோளைத்தான் பார்ப்பார்கள். எங்கள் கண் அந்த இரண்டு பெண்களிடம் போனது. தாய் எலிசபெத் 1503 பெப்ரவரி 2ஆம் திகதி ஒரு குழந்தையைப் பெற்று, 11ஆம் திகதி, தன்னுடைய 37ஆவது பிறந்தநாளிலேயே இறந்தவர். ஜேன் சீமோர் 1537 ஒக்ரோபர் 12ஆம் திகதி ஆண்குழந்தையைப் பெற்று, 24ஆம் திகதி இறந்தார். இங்கிலாந்தின் மிகப் பெரிய குடும்பப் படத்தில் நின்ற இரண்டு பெண்களுமே பிள்ளைப்பேற்றினால் போனவர்கள். ஒருவர் ஒன்பதாம் நாள், மற்றவர் பன்னிரண்டாம் நாள். பிள்ளை பிறந்த பின் வரும் முதல் இரண்டு வாரமும் எங்கள் துறையில் இன்றைக்கும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் காலம். நாட்டில் உள்ள பட்டு முழுவதும் அரண்மனையில்தான் இருந்தது. அந்தப் பட்டு அவர்களைக் காப்பாற்றவில்லை.

இனி உடைக்கு வருவோம்.

இந்த உடைகளைப் பார்க்கும்போது ஒரே சட்டையாகத் தைத்தது போலத் தோன்றும். அப்படியில்லை. முதலில் உடம்போடு ஒட்டி ஒரு லினன் உள்ளாடை. அது தோய்க்கக்கூடியது. அதன் மேல் மார்பையும் இடுப்பையும் இறுக்கும் கச்சு. இடுப்புக்குக் கீழே பாவாடையை விரித்துப் பிடிக்கும் வளையக் கூடு. அதன் மேல் உட்பாவாடை, மேலங்கி, முன்மார்பை மறைக்கும் தனித் துண்டு, தனித் தனியாகக் கட்டும் கைகள், கழுத்து மடிப்பு. எல்லாவற்றையும் நாடாவாலும் குண்டூசியாலும் இணைப்பார்கள். ஒரு சீமாட்டி தனியாக உடுத்த முடியாது. இன்னொரு பெண்ணின் கை வேண்டும். தினமும் உடுத்தும்போதும் களையும்போதும் ஓர் ஆள் வேண்டும் என்பதே செல்வத்தின் அடையாளம்.

நாடாவால் கட்டும் உடையில் ஒரு வசதியும் இருந்தது. தளர்த்தலாம். கர்ப்பிணிக்கென்று தனிச் சட்டை தைக்க வேண்டியதில்லை. ஹொல்பைன் 1526, 1527 காலத்தில் தோமஸ் மோர் என்ற பெரிய அறிஞரின் குடும்பத்தைக் கோட்டுப் படங்களாக வரைந்தார். அவற்றில் கடைசி மகள் சிசிலி ஹெரனின் படமும் ஒன்று. மேற்சட்டையின் முன்பக்க நாடா வயிற்றின் மேல் தளர்ந்து இருக்கிறது. எத்தனையோ பேர் அந்தப் படத்தை முக அழகுக்காகப் பார்த்திருப்பார்கள். நாடாவைப் பார்க்கிறவர்களுக்கு அவர் பிள்ளைத்தாய்ச்சி என்று தெரியும்.

கழுத்து மடிப்பைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. ரஃப் என்பது அதன் பெயர். சக்கரம் போலத் தலையைச் சுற்றி நிற்கும் வெள்ளை மடிப்பு. மெல்லிய லினனிலும் ரேந்தையிலும் செய்வார்கள். அதை நிமிர்த்தி நிறுத்துவது எது தெரியுமா? நாம் எல்லோரும் நன்கு அறிந்த கஞ்சிதான். 1564இல் பிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து இலண்டனுக்கு வந்த டிங்கன் வான் டெர் பிளாசே என்ற பெண்மணி, கஞ்சி போடும் தொழிலைத் தொடங்கினார். சீமாட்டிகள் தங்கள் பெண்பிள்ளைகளையும் உறவுப் பெண்களையும் அவரிடம் பழக அனுப்பினார்கள். கற்பிக்கும் கூலி 4 அல்லது 5 பவுண். கஞ்சியைக் காய்ச்சும் முறைக்குத் தனியாக 20 ஷில்லிங். அந்தக் காலத்தில் அது பெரும் தொகை. கஞ்சி போட்ட துணியைச் சூடாக்கிய இரும்புக் கோலால் ஒவ்வொரு மடிப்பாக வளைத்து எடுப்பார்கள். ஒரு மழை பிடித்தால் எல்லாம் சரிந்துவிடும். ஞாயிறு பின்னேரம் கஞ்சி போட்டு, மினுக்கி, திங்கட்கிழமை மாரி மழையில் நனைந்து, முதலாம் பாடத்துக்கு முன்பே சட்டை கசங்கி நின்ற எங்களுக்கு அந்த வேதனை நன்றாக விளங்கும்.

எல்லோரும் எல்லாவற்றையும் உடுக்கவும் முடியாது. யார் எந்தத் துணியை, எந்த நிறத்தை, எந்த விலங்கின் தோலை அணியலாம் என்று சட்டம் இருந்தது. 1574இல் எலிசபெத் மகாராணி வெளியிட்ட பிரகடனத்தின்படி ஊதாப் பட்டு அரச குடும்பத்துக்கும் அதற்கு நெருங்கிய ஒரு சிலருக்கும் மட்டுமே உரியது. வெல்வெட், சற்றின் என்று ஒவ்வொன்றுக்கும் தகுதி வகுத்தார்கள். காசு இருந்தாலும் குலம் இல்லாவிட்டால் உடுக்கக்கூடாது. இந்தச் சட்டங்கள் 1604இல்தான் நீக்கப்பட்டன. இதைக் கேட்டுச் சிரிக்கும் உரிமை நமக்கு இல்லை. நம் ஊரிலும் ஒரு காலத்தில் சில பெண்கள் மேற்சட்டை அணியவும் நகை போடவும் தடுக்கப்பட்டார்கள். அது சட்டப் புத்தகத்தில் எழுதப்படவில்லை என்பதுதான் வித்தியாசம்.

விலையைப் பற்றி ஓர் உதாரணம். 1603இல் இலண்டனில் தோமஸ் ஹேவூட் என்பவர் எழுதிய நாடகம் ஒன்று மேடைக்கு வந்தது. நாடக அரங்கை நடத்திய பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. நாடகத்தை எழுதியதற்கு 6 பவுண். அதே நாடகத்துக்கென்று வாங்கிய பெண்ணுக்குரிய கறுப்பு வெல்வெட் உடை ஒன்றுக்கு 6 பவுண் 13 ஷில்லிங். ஐந்து அங்க நாடகத்தை விட ஒரு சட்டை விலை கூட. மேடை உடுப்பே இப்படியென்றால், அரண்மனை உடுப்பை எண்ணிப் பாருங்கள். மக்கள் தங்கள் மரணசாசனத்தில் காணியைப் போல, வெள்ளிப் பாத்திரத்தைப் போல, உடுப்பையும் பெயர் சொல்லி எழுதி வைத்தார்கள்.

ஆகவே ஓவியர்களும் உடைக்கு உரிய மரியாதையைக் கொடுத்தார்கள். முகத்துக்கு ஆள் நேரில் அமரும் நேரம் மிகக் குறைவு. எட்டாம் ஹென்றி மறுமணத்துக்குப் பெண் தேடிய காலத்தில், டென்மார்க் இளவரசி கிறிஸ்டினாவை வரைய ஹொல்பைனை 1538இல் புரசல்சுக்கு அனுப்பினார்கள். அவருக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம் மட்டுமே. நூறு வருடம் கழித்து முதலாம் சார்ள்ஸ் மன்னரின் ஓவியராக இருந்த வான் டைக், ஒருவரை ஒரு தடவையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருத்துவதில்லை என்று அவருடைய நண்பர் ஒருவர் சொன்னது எழுத்தில் இருக்கிறது. உடையின் நிலையைச் சாம்பல் நிறத் தாளில் சில நிமிடத்தில் கீறிக்கொள்வார். உடுப்பை வீட்டிலிருந்து அனுப்பி வைப்பார்கள். அதைப் பார்த்து உதவியாளர்கள் வரைவார்கள். கைகளைக் கூட வேறு ஆட்களை வைத்து வரைவது உண்டு. அதாவது நாம் இன்று பார்க்கும் சீமாட்டியின் முகம் அவருடையது, உடுப்பு அவருடையது, விரல்கள் இன்னொருவருடையவையாக இருக்கலாம்.

முகத்திலும் முழு உண்மை இல்லை. எலிசபெத் மகாராணி 1533இல் பிறந்தவர். சிறிய உருவப்படங்கள் வரைவதில் பெயர்பெற்ற நிக்கலஸ் ஹில்லியார்டுக்கு முதன்முதலில் அமர்ந்தபோது, நிழல் விழாத திறந்த தோட்டத்தில்தான் இருந்தார் என்று ஹில்லியார்டே எழுதியிருக்கிறார். நிழல் இல்லாவிட்டால் முகத்தில் மேடு பள்ளம் தெரியாது. ஹற்பீல்ட் மாளிகையில் இருக்கும் வானவில் படம் 1600ஐ அண்டி வரையப்பட்டது. மகாராணிக்கு அப்போது அறுபத்தைந்து வயதுக்கு மேல். படத்தில் இருப்பவரோ இளம்பெண். மேலாடை முழுவதும் கண்களும் காதுகளும் வரையப்பட்டிருக்கின்றன. நாட்டில் எங்கு என்ன நடந்தாலும் பார்ப்பேன், கேட்பேன் என்பது கருத்து.

அந்தப் படத்தில் மார்புத் துணியில் பூக்கள் தைக்கப்பட்டிருக்கின்றன. ஓவியரின் கற்பனை என்று எவரும் நினைக்கலாம். ஆனால் ஹெரபோட்சயரில் பக்ரன் என்ற சிறிய கிராமத் தேவாலயத்தில் பல நூற்றாண்டாகப் பீட விரிப்பாக இருந்த ஒரு துணியை ஆராய்ந்தபோது, அது வெள்ளி இழை நெய்த மிக உயர்ந்த துணி, அதில் அதே மாதிரிப் பூ வேலை இருக்கிறது என்று கண்டார்கள். மகாராணியின் உடை ஒன்றிலிருந்து வந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2019இல் ஹம்ரன் கோர்ட் அரண்மனையில் இரண்டையும் ஒன்றாகக் காட்சிக்கு வைத்தார்கள். முகத்தை இளமையாக்கிப் பொய் சொன்ன அதே காலத்து ஓவியர்கள், தையலில் பொய் சொல்லவில்லை. எங்கள் தையல்காரத் தோழிக்கு இதைச் சொன்னபோது, "எனக்கு அப்போதே தெரியும்" என்றாள்.

இப்போது அந்தப் பெயர் தெரியாத பெண்ணிடம் திரும்பி வருவோம்.

எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் ஏன் இவ்வளவு முத்தும் பட்டும் அணிந்து ஓவியர் முன் நிற்கவேண்டும்? இப்படியான படம் அது ஒன்று மட்டுமல்ல. 1590 தொடக்கம் 1630 வரையான காலத்தில் கர்ப்பம் வெளிப்படையாகத் தெரியும் உருவப்படங்கள் இங்கிலாந்தில் பல வரையப்பட்டன. அதே கெராட்ஸ் 1620இல் சிவப்பு உடையில் இன்னொரு கர்ப்பிணியை வரைந்தார். அவருடைய பெயரும் படத்தில் இல்லை. ரேற் கலைக்கூடத்தில் பணியாற்றிய கலை வரலாற்றாசிரியர் கரன் ஹேர்ன் இப்படங்களை நீண்ட காலம் ஆராய்ந்து, 2020இல் இலண்டனில் ஒரு கண்காட்சியும் நடத்தினார். வம்சம் தழைக்கப் போகிறது என்ற பெருமை ஒரு காரணம். இன்னொன்று பயம். பிள்ளை பிறக்கும்போது தாய் போய்விடக்கூடும். போனால் அவளுடைய சாயல் வீட்டில் இருக்கட்டும்.

இது மிகைப்படுத்தல் அல்ல. அந்தக் கால இங்கிலாந்தில் நூறு பிள்ளைப்பேற்றில் ஏறத்தாழ ஒரு தாய் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பெண் ஆறு ஏழு தடவை பிள்ளை பெறுவாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் அப்படி இறந்த ஒரு சகோதரியையோ மச்சாளையோ அயலட்டைக்காரியையோ தெரிந்திருக்கும்.

எலிசபெத் ஜோசலின் என்ற பெண் அப்படிப் பயந்தவர். பாட்டனார் ஒரு பிசப். அவருடைய வீட்டில் வளர்ந்து, மொழிகளும் வரலாறும் கற்றவர். முதற்பிள்ளை வயிற்றில் அசைவதை உணர்ந்ததும், ஒருவருக்கும் சொல்லாமல் தனக்கென்று பிணத்துக்குச் சுற்றும் புதுத் துணி ஒன்றை வாங்கி வைத்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, பிறக்காத பிள்ளைக்குக் கடிதமாக ஒரு சிறு நூலை எழுதத் தொடங்கினார். 1622 ஒக்ரோபர் 12ஆம் திகதி பெண்குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் தாய் இறந்தார். முன்பே வாங்கி வைத்த துணியால் அவரைச் சுற்றினார்கள். மேசையில் இருந்த எழுத்தைக் கண்டெடுத்து 1624இல் அச்சிட்டார்கள். பலமுறை மறுபதிப்புக் கண்ட நூல் அது.

அதில் பெண்கள் பாடசாலையில் படித்த நாம் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. பிறப்பது மகளாக இருந்தால், வேதத்தையும் வீட்டு வேலையையும் எழுத்தையும் நற்செயல்களையும் கற்றால் போதும், வேறு படிப்பு பெண்ணுக்குத் தேவையில்லை என்று அவர் எழுதுகிறார். படித்த பெண்களைத் தான் மதிப்பதாகவும் சொல்லிக்கொள்கிறார். படித்தவர் எழுதியது இது. அந்தப் படிப்பு இல்லாவிட்டால் அந்த நூலும் இல்லை, அவருடைய பெயரும் இன்று நமக்குத் தெரியாது. முத்து அணிந்து நின்ற சீமாட்டியின் பெயர் போய்விட்டது. பேனாவை எடுத்த பெண்ணின் பெயர் நானூறு ஆண்டு தாண்டி இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறது.

ரேற் கலைக்கூடத்தில் இன்னும் இரண்டு படங்கள். சோல்ற்றன்ஸ்ரோல் குடும்பப் படம் டேவிட் டி கிராஞ்ச் 1636, 1637 காலத்தில் வரைந்தது. சிவப்புத் திரை கட்டிய கட்டிலில் வெளிறிப்போன ஒரு பெண். பக்கத்தில் கணவரும் இரண்டு பிள்ளைகளும். வலது பக்கத்தில் நன்றாக உடுத்த இன்னொரு பெண் கைக்குழந்தையுடன் இருக்கிறார். கட்டிலில் இருப்பவர் சில ஆண்டுகளுக்கு முன்பே இறந்த முதல் மனைவி, குழந்தையுடன் இருப்பவர் இரண்டாம் மனைவி என்றே பெரும்பாலும் விளக்குகிறார்கள். இறந்தவரையும் குடும்பப் படத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து எங்களில் ஒருத்தி அழுதாள். ஏன் என்று மற்றவர்கள் கேட்கவில்லை.

மற்றப் படம் எழுத்தில் நீண்டு, உச்சரிப்பில் 'சம்லி' என்று சுருங்கும் ஒரு குடும்பத்துப் பெண்கள் இருவருடையது. 1600க்கும் 1610க்கும் இடையில் வரையப்பட்டது. இரண்டு பெண்கள் ஒரே கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, சிவப்புத் துணியில் சுற்றிய குழந்தைகளை ஏந்துகிறார்கள். ஒரே நாளில் பிறந்து, ஒரே நாளில் மணமுடித்து, ஒரே நாளில் பிள்ளை பெற்றவர்கள் என்று படத்தில் எழுதியிருக்கிறது. அச்சொட்டாக ஒன்று போல் இருக்கும் அவர்களை ரேந்தையிலும் நகையிலும் உள்ள சிறு வேறுபாடுகளைக் கொண்டே பிரித்தறிகிறோம். இவ்வளவும் எழுதியவர்கள் அவர்களின் பெயரை எழுத மறந்துவிட்டார்கள். குடும்பத்துக்குள் எல்லோருக்கும் தெரியும்தானே என்று விட்டிருப்பார்கள்.

அந்த வார்த்தைதான் எங்களை உலுக்கியது. எல்லோருக்கும் தெரியும்தானே.

எங்கள் வீட்டில் அம்மம்மாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஸ்ரூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கூறைச் சேலை, கழுத்தில் அட்டியல். அட்டியல் மச்சாளிடம் இரவல் வாங்கியது என்று பெரியம்மா சொல்வார். 1951இல் அம்மாவைப் பெற்ற கிழமையிலேயே அம்மம்மா போய்விட்டார். 1995இல் இடம்பெயர்ந்தபோது காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் அந்தப் படத்தையும் அம்மா பையில் வைத்துக்கொண்டு நடந்தார். சேலையின் கரை எப்படி, நகை யாருடையது என்று எல்லாம் எங்களுக்குத் தெரியும். அவருடைய குரல் எப்படி, எதற்குச் சிரிப்பார், என்ன படித்தார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருத்தி மகப்பேற்று வைத்தியரானதற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

நாங்கள் இங்கிலாந்தை நினைத்துப் பெருமூச்சு விடத் தேவையில்லை. 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு இறந்த தாய்மார் தொகை 2,000ஐத் தாண்டியது. நூற்றுக்கு இரண்டுக்கு மேல். எலிசபெத் ஜோசலின் காலத்து இங்கிலாந்தை விட மோசம். இந்தப் பாடசாலையின் முதல் மாணவிகள் தாய்மாரான காலம் அது. இன்று அது இலட்சத்துக்கு 30 அளவில் நிற்கிறது. கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போன மருத்துவமாதுகள், இலவச வைத்தியசாலைகள், இரத்த வங்கி, நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் எல்லாம் காரணம். அவற்றோடு பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் காரணம். தாய் படித்திருந்தால் கால் வீங்கினால் வருவாள், தலையிடித்தால் வருவாள். கிளினிக் புத்தகத்தை வாசிப்பாள். மாமியார் மறித்தாலும் வருவாள். இதை எங்கள் விடுதியில் தினமும் பார்க்கிறோம். இந்த நூறு ஆண்டில் இங்கே நடந்த வேலை பட்டமளிப்பு விழாக்களில் மட்டும் தெரிவதில்லை. உயிரோடு வீடு திரும்பிய தாய்மாரிலும் தெரிகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மண்டபத்தின் பின்பக்கத்தில் வைத்திருக்கும் நூறாண்டுப் படங்களை நேற்று முழுவதும் பார்த்தோம். நெஞ்சு நிறைந்தது. ஆனால் பல படங்களின் கீழே அதிபரின் பெயரும் பிரதம விருந்தினரின் பெயரும்தான் இருக்கின்றன. மூன்றாம் வரிசையில் இரட்டைப் பின்னலோடு நிற்கும் பிள்ளை யார்? விடுதிச் சமையலறை வாசலில் நிற்கும் அம்மா யார்? சட்டையில் எத்தனை மடிப்பு என்று எண்ணலாம். பெயர் இல்லை. யுத்தத்தில் எத்தனையோ அல்பங்கள் எரிந்து போயின. தப்பியவற்றிலும் பெயர் இல்லாவிட்டால், நம்முடைய பேத்திமார் நாங்கள் ரேற் கலைக்கூடத்தில் நின்றது போல ஒருநாள் வந்து நிற்பார்கள்.

இன்று இங்கே எண்பது வயதைத் தாண்டிய அக்காமார் பலர் இருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவரின் பக்கத்திலும் ஒரு மாணவி கொப்பியோடு வந்து இருப்பாள். படத்தைக் காட்டுவாள். தெரிந்த பெயர்களைச் சொல்லுங்கள். படத்தின் பின்புறத்தில் மை ஊறாமல் பென்சிலால் மெல்ல எழுதச் சொல்லியிருக்கிறோம். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இலண்டனிலும் இருந்து இந்த மலரை வாசிப்பவர்கள் உங்கள் வீட்டு அல்பங்களை இன்றிரவே எடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை எழுதுங்கள். முடிந்தால் அவர் எதற்குச் சிரிப்பார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

எங்கள் வகுப்புப் படத்தில் முப்பத்தியெட்டுப் பேர். நாங்கள் ஐவரும் தொலைபேசியில் மாறி மாறிக் கேட்டு முப்பத்தேழு பெயரை எழுதிவிட்டோம். இரண்டாம் வரிசையில் இடது பக்கம் நான்காவதாக நிற்பவள் ஆறாம் வகுப்பில் ஒரு தவணை மட்டும் எங்களோடு இருந்தவள். சபையில் எவருக்காவது தெரிந்தால், கீழே இறங்கியதும் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.